பாலை நூல்களும் மருதச் சாலையும்

மோட்டார் சைக்கிள் பற்றி இலக்கியத் திறனாய்வு எழுத இடமுண்டா என வாசகர் சிலர் வினவக்கூடும். ஊர்தியும் பருவமும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. அகநானூற்றின் 4ஆம் பாடலைக் குறுங்குடி மருதனார் முல்லைத்திணையில் பாடியிருக்கிறார். கார்காலம் தொடங்கிவிட்டது, பிரிந்து சென்ற தலைவன் இன்னும் வரவில்லை. அவன் வருவான் எனத் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். எப்படி வருவானாம்? பூத்த சோலைகளில் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்கிவிடக் கூடாதென்று, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருவானாம். விரைந்து வந்தாக வேண்டியவன்தான். ஆயினும் வழியில் வாழும் சிற்றுயிரை மறவாதவன். ஊர்தியும் மழையும் வழியும் வழியிலுள்ள உயிர்களும் வீட்டில் காத்திருப்பவளும் ஒரு சிறு பாட்டுக்குள் கூடியிருக்கக் காண்கிறோம். ஊர்தி இலக்கியத்தை அளப்பதற்கு இந்தப் பாட்டையே கோலாகக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அக்கோலைக் கையிற் கொண்டு, உலகப் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் நூலொன்றைத் தஞ்சைத் தரணியின் சாலையில் வைத்துப் படித்துப் பார்ப்போம். அமெரிக்கரான ராபர்ட் பர்சிக் 1974இல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்பது அந்நூல். 121 பதிப்பகங்களால் மறுக்கப்பட்டு, பின்பு பல இலட்சம் படிகள் விற்றது. 1968ஆம் ஆண்டுக் கோடையில் பர்சிக் தம் மகன் கிறிஸைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை 17 நாள் பயணம் செய்தார். ஜான், சில்வியா என்னும் தம்பதியர் மற்றொரு வண்டியில் பாதிவழி உடன் வந்தனர். பயணத்தை வெளித்தோலாகவும், ‘தரம்’ என்றால் என்ன என்னும் தத்துவ விசாரணையை உள்ளீடாகவும் கொண்டது நூல். தத்துவப் பகுதிகளில் சில, பேராசிரியர் ஒருவர் வகுப்பு முடிந்த பின்னும் பேசிக்கொண்டே போவது போன்றவை. அவற்றைப் பொறுத்துக்கொண்டு படித்தால், வண்டி ஓடும் பக்கங்களில் உண்மையான செல்வம் கிடைக்கிறது.

தொடக்கப் பக்கங்களிலேயே பர்சிக் ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறார். காரில் செல்பவனுக்குச் சாளரம் ஒரு சட்டம். அதனுள் தெரியும் நிலம் தொலைக்காட்சிப் படத்தைப் போன்றது. மோட்டார் சைக்கிளில் அந்தச் சட்டம் இல்லை. காற்றும் மணமும் குளிரும் உடலைத் தொடுகின்றன. செல்பவன் காட்சிக்குள்ளேயே இருக்கிறான். இது மிகச் சரியான கூற்று. நம் காவிரியைப் பற்றிய புகழ்பெற்ற பயண நூல் நினைவுக்கு வருகிறது. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த ‘நடந்தாய் வாழி, காவேரி’, தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை ஆற்றோடு சென்ற நூல். தலைப்பில் நடை உண்டு. அவர்கள் சென்றதோ காரில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்நூலின் ஆசிரியர் இருவரும் கதை சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களுள் ஒருவருக்குத் தஞ்சை மண் பிறந்த மண். ஆனால் காரில் சென்றவர்களுக்கு மழை கண்ணாடிக்கு வெளியே பெய்தது. அந்தக் கண்ணாடியின் இருப்பைப் பர்சிக்கைப் படித்த பின்புதான் நான் அந்நூலில் உணர்ந்தேன்.

ஆயினும் பர்சிக் சொல்லாமல் விட்ட இன்னொரு சட்டமும் உண்டு. அது காலத்தின் சட்டம். அவர் சென்றது கோடைக்காலத்தின் 17 நாள்கள். ஒவ்வொரு சாலையையும் அவர் ஒருமுறைதான் கடந்தார். எர்னெஸ்டோ சே குவேராவின் மோட்டார் சைக்கிள் குறிப்புகளை எடுத்துக்கொண்டால், 1952 ஜனவரியில் புவெனஸ் அயர்ஸிலிருந்து ஆல்பெர்ட்டோ கிரனாடோவோடு அவர் ஏறிப் புறப்பட்ட நார்ட்டன் வண்டி சிலி நாட்டோடு நின்றுவிட்டது. எஞ்சிய நெடும்பயணம் லாரியிலும் படகிலும் நடையிலும் நிகழ்ந்தது. 1973இல் இங்கிலாந்திலிருந்து டிரையம்ப் வண்டியில் புறப்பட்ட டெட் சைமன் நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளைச் சுற்றி, இந்தியாவுக்கும் வந்து சென்றவர். வெயில், மழை, பனி யாவற்றையும் கண்டவர்தாம். ஆனால் ஒரு சாலையின் வெயிலைக் கண்டவர் அதே சாலையின் மழையைக் காண நிற்கவில்லை. நம் இலக்கண மரபில் சொல்வதானால் இவை யாவும் பாலை நூல்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு. வீட்டை விட்டுப் புறப்படுதலும், வழியின் வெம்மையும், தன்னைத் தேடுதலும் இவற்றின் பொருள். திரும்பி வருதல் இவற்றில் பெரும்பாலும் ஒரு பத்திக்குள் முடிந்துவிடும்.

ஐந்திணைகளுக்கும் பெரும்பொழுது வகுத்த அகப்பொருள் இலக்கணம், முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தந்துவிட்டு, மருதத்துக்கும் நெய்தலுக்கும் ஆறு பருவங்களையும் கொடுத்தது. வயலில் வாழ்பவன் எந்தப் பருவத்திலிருந்தும் தப்பிச் செல்ல முடியாது என்பதை இலக்கணம் வகுத்தவர் அறிந்திருந்தார் போலும். காவிரிப் படுகை மருதத்தின் தலையாய நிலம். இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் யார்? விடியற்காலையில் கேன்களைக் கட்டிக்கொண்டு பால் ஊற்றப் போகிறவர்; நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மீனை ஏற்றி உள்ளூர்களுக்கு வருபவர்; இருபது கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர்; வயலுக்கு உர மூட்டையை எடுத்துச் செல்லும் குடியானவர்; கிளைக் கிராமங்களுக்குச் செல்லும் உபதேசியார். பங்குத்தந்தையின் வண்டிச் சத்தம் தொலைவில் கேட்ட பிறகு முதல் மணி அடித்த ஊர்களை நம்மில் பலர் அறிவோம். சென்னையில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டும், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 என்னும் சிறு வண்டியும் இம்மக்களின் வாழ்வை மாற்றிய அளவுக்கு வேறெந்தப் பொறி மாற்றியிருக்கும்? இவர்களில் எவரும் தம்மைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். ஒரே சாலையில் ஆண்டுக்கு முந்நூறு நாள் போய், முந்நூறு நாள் திரும்பி வருபவர்கள்.

இவர்களுடைய சாலை எத்தகையது என்று காண, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு செல்லும் சாலையையே எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் சாலை சற்று ஏறி இறங்குகிறது. ஏறும்போது காற்றும், இறங்கும்போது வயலின் வெக்கையோ குளிர்ச்சியோ முகத்தில் படும். நாள்தோறும் இவ்வழியே செல்பவர் கண்ணை மூடிக்கொண்டே இது வெண்ணாறு, இது குடமுருட்டி என்று சொல்லிவிடுவார். (கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுமாறு நான் யாருக்கும் அறிவுரை கூறவில்லை.)

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டுகளில், ஆனி பிறக்கும் வேளையில் கல்லணையைத் தாண்டித் தண்ணீர் வருகிறது. அதுவரை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் வறண்ட ஆற்று மணலில் வண்டியை இறக்கிக் குறுக்கே சென்றவர்களுக்கு அந்த வழி ஒருநாள் காலையில் இல்லாமற் போய்விடும். ஆடியில் மேல்காற்று. கிழக்கேயுள்ள ஊர்களிலிருந்து தஞ்சை நோக்கி வருபவர் வண்டியோடு சேர்ந்து காற்றையும் தள்ளிக்கொண்டு வர வேண்டும். புழுதி கண்ணில் விழும். பெட்ரோல் கூடச் செலவாகும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் திருப்பயணிகள் இரவெல்லாம் சாலையோரம் நடப்பார்கள். கொடியேற்ற நாளான ஆகஸ்டு 29ஐ ஒட்டிய இரவுகளில் இச்சாலைகளில் செல்பவர், இருளில் தமக்கு முன்னே அசையும் காவி உடையைக் கண்டு வேகத்தைக் குறைக்கக் கற்றிருக்கிறார். தேர்மணியின் நாவைக் கட்டிய தலைவனுக்கு உரிய பண்பு இதுதான். எல்லோரும் கற்றிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது என்பதே வருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் தனி அதிகாரத்துக்கு உரியவை. வடகிழக்குப் பருவமழையில் சாலையின் பள்ளமும் மேடும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். எங்கே பள்ளம் என்பதைக் கோடையில் அச்சாலையில் சென்ற நினைவைக் கொண்டே கணிக்க வேண்டும். வெயிற்காலத்தில் உடம்பு வாங்கிய குலுக்கல்தான் மழைக்காலத்தில் வழிகாட்டி. ஒருமுறை மட்டும் செல்லும் பயணிக்கு இந்த அறிவு கிட்டவே கிட்டாது. சக்கரத்துக்குள் நீர் புகுந்துவிட்டால் பிரேக் பிடிக்காது; மிதியை மென்மையாக அழுத்தியபடியே சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றிக் காய வைப்பார்கள். இரவில் முகப்பு விளக்கை நோக்கிச் சம்பா வயலின் பச்சைத் தத்துப்பூச்சிகள் மொய்க்கும். வாயை மூடிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு செல்ல வேண்டும். வண்டுகளுக்காக இரங்கிய தலைவன் இந்தப் பூச்சிகளிடையே வந்திருந்தால் என்ன செய்திருப்பானோ! 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப் பின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னைகள் சாலைகளின் குறுக்கே விழுந்து கிடந்தபோது, லாரியும் காரும் நுழைய முடியாத ஊர்களுக்குள் மரங்களுக்கு இடையே புகுந்தும், தோள்கொடுத்துத் தூக்கித் தாண்டியும் முதலில் சென்றவை இருசக்கர வண்டிகள்.

மார்கழியில் ஆற்றுக்கரைச் சாலையில் பனிமூட்டம். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் சாலையின் உரிமை மாறிவிடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், மைய அரசு விதியைத் தளர்த்தினாலன்றி, நெல்லை ஏற்க மாட்டார்கள். களம் போதாத குடியானவர் தார்ச்சாலையில் பாதியை எடுத்துக்கொண்டு நெல்லைக் காயப்போடுகிறார். அதைச் சுற்றிக் கற்களை அடுக்குகிறார். நெல்மணி மீது சக்கரம் ஏறினால் வண்டி வழுக்கும். இருட்டில் அக்கற்களில் மோதினால் உயிர் போகும். மாசி, பங்குனியில் உளுந்துச் செடிகளைச் சாலையில் பரப்பி, போவோர் வருவோரின் சக்கரங்களைக் கொண்டே போரடித்துக்கொள்வார்கள். வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்ளும். இறங்கிப் பிடுங்க வேண்டும். வண்டிக்காரர் முணுமுணுப்பார், ஆனால் பெரும்பாலும் அவருக்கும் எங்கோ ஒரு காணி நிலம் இருக்கும். சித்திரையில் தார் இளகும். பிறகு மீண்டும் ஆனி.

இந்த ஆறு பருவங்களையும் மனத்தில் இருத்திக்கொண்டு பர்சிக்கிடம் திரும்பினால், அவருடைய நூலில் மிகச் சிறந்த பகுதி எது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது 17 நாள் பயணத்துக்கு முற்பட்ட ஒரு நிகழ்ச்சி. மகனோடு கனடா நோக்கிச் செல்கையில் பெருமழை பிடித்துக்கொள்கிறது, வண்டி நின்றுவிடுகிறது. மழையில் நனைந்துதான் நின்றது என்று தந்தை முடிவு செய்கிறார். தொட்டியை அசைத்துப் பார்க்கிறார். பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கிறது. என்ன செய்தும் வண்டி கிளம்பவில்லை. பயணம் அத்துடன் முடிந்து, தந்தையும் மகனும் வீடு திரும்புகிறார்கள். பின்னர்தான் உண்மை தெரிகிறது: தளும்பியது ரிசர்வ் பெட்ரோல். அந்தத் திருகைத் திருப்பியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். மழையின் மீது பழியைப் போட்டுவிட்டதால் வேறெதையும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று அவர் எழுதுகிறார். மழைக்குப் பழகாதவனின் பிழை இது. நம்மூர்ப் பால்காரர் மழையில் வண்டி நின்றால் முதலில் ரிசர்வைத் திருப்புவார். அடுத்துப் பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதற்குப் பிறகுதான் வானத்தைப் பார்ப்பார். ‘பார்த்தார்’ என்று இறந்தகாலத்தில் சொல்வதே பொருத்தமோ என்னவோ. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு விதிகளை அடுத்து, புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய், மின்னணுக் கருவி எரிபொருளை அளந்து செலுத்துகிறது. ரிசர்வ் திருகும் மறைந்து வருகிறது. வழியோரப் பழுதுபார்ப்பின் மீது கட்டப்பட்ட பர்சிக்கின் தத்துவம் அவர் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஓர் அறைகூவலைச் சந்திக்கிறது.

அத்தத்துவத்தின் சாரம் ஒரு தகரத் துண்டில் இருக்கிறது. நண்பர் ஜானின் விலையுயர்ந்த ஜெர்மானிய வண்டியின் கைப்பிடி நழுவுகிறது. காலிப் பீர் குவளையின் தகரத்தை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் பர்சிக். ஜான் மனம் சுருங்குகிறார். அத்தகைய வண்டிக்கு இத்தகைய வைத்தியமா? இதிலிருந்து, பொருளின் தோற்றத்தைப் பார்ப்பவர், அதன் இயக்கத்தைப் பார்ப்பவர் என மனிதரை இருவகையாகப் பிரித்து, இரண்டையும் இணைப்பது ‘அக்கறை’ என்று பர்சிக் நெடிது வாதிடுகிறார். தஞ்சை வட்டாரத்தில் இந்தப் பிரிவினை வேரூன்றவில்லை என்பதே என் கணிப்பு. உடைந்த மடையை ஒரு கை சேற்றையும் ஒரு பிடி வைக்கோலையும் கொண்டு அடைக்கத் தெரிந்தவர், நழுவும் கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றத் தயங்குவதில்லை. பொங்கலன்று மாட்டுக்கு இடும் குங்குமத்தை வண்டிக்கும் இடுபவர், ஆயுத பூசையன்று சந்தனம் பூசுபவர், நம் கோயில் வாசலில் புது வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லிக் காத்திருப்பவர் ஆகிய எல்லோருக்கும் அது வெறும் பொறி அல்ல. வீட்டில் உண்ணும் ஒரு வாய்.

ஆனால் இதைப் பாராட்டி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. புதிது வாங்க இயலாதவர் பழையதைச் செப்பனிடுகிறார் என்பதும் இதில் பாதி உண்மை. தேய்ந்த டயரோடு இன்னொரு மழைக்காலத்தைத் தள்ளிவிடலாம் என்று எண்ணுவதும், மூன்று மூட்டைக்கு மேல் நான்காவதை ஏற்றுவதும், தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவதும் அதே ‘சமாளிக்கும்’ குணத்தின் மறுபுறம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்று மைய அரசின் அறிக்கை கூறுகிறது. ஒரு பெரிய ஊரின் மக்கள்தொகை ஓராண்டில் அழிந்திருக்கிறது. பர்சிக் வேண்டும் அக்கறை நமக்கு இயல்பாகவே வாய்த்துவிட்டது என்று எவரும் பெருமை கொள்ள இந்த எண்கள் இடந்தரவில்லை. இவ்விடத்தில் அவருடைய வாதம் நம்மை வென்றுவிடுகிறது: பழுதைப் பழுதென்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பவனே வண்டியை அறிந்தவன்.

நூலில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது பின்னிருக்கை. எதிரே வரும் கார்களில் இருப்போரின் முகங்கள் ஏன் இத்தனை துயரமாயிருக்கின்றன, இறுதி ஊர்வலம் போலல்லவா போகிறார்கள் என்று கவனித்துச் சொல்வது வண்டி ஓட்டும் பர்சிக் அல்லர். கணவரின் பின்னால் அமர்ந்து வரும் சில்வியா. கைப்பிடியைப் பற்றியவன் சாலையைப் பார்க்கிறான். பின்னால் இருப்பவர் மனிதரைப் பார்க்கிறார். சிறுவன் கிறிஸுக்கோ அதுவும் வாய்க்கவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அவன் பார்த்ததெல்லாம் தந்தையின் முதுகு. அவனுக்கு வயிற்றுவலி வருகிறது, அழுகை வருகிறது, சினம் வருகிறது. தந்தையோ தரம் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருக்கிறார். நூலின் முடிவில் தலைக்கவசங்களைக் கழற்றிய பின் கிறிஸ் மிதிக்கட்டையின்மேல் எழுந்து நின்று, முதன்முறையாகத் தந்தையின் தோளுக்கு மேலாகச் சாலையைக் காண்கிறான். அவ்விடம் நெஞ்சைத் தொடுவது உண்மை. ஆனால் அத்தனை பக்கங்கள் ஏன் தேவைப்பட்டன என்னும் கேள்வியும் எழுகிறது.

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ சிறுகதையிலும் ஒரு தந்தையும் மகனும் பயணம் செய்கிறார்கள், ஊர்தி இரயில். எங்கோ தொலைதூர நகரத்துக்கு வீட்டுவேலை செய்ய அனுப்பப்படும் ஒரு சிறுமி அதே பெட்டியில் இருக்கிறாள். அவளுக்குத் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான் சிறுவன். தந்தை அதைப் பார்க்கிறார், கதை சிலிர்க்கிறது. இரயிலில் தந்தையும் மகனும் எதிரெதிரே அமர முடியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் அது இயலாது. இருந்தும் நம் நாட்டில் இதற்கு வேறொரு வழக்கம் உண்டு. சிறு பிள்ளையைத் தந்தை தமக்கு முன்னே பெட்ரோல் தொட்டியின் மீது உட்கார வைக்கிறார். ஆபத்தான வழக்கம், கைவிடப்பட வேண்டியது. ஆனால் அப்படி அமர்ந்து சென்ற தலைமுறை ஒன்று இங்கே வளர்ந்திருக்கிறது. எதிர்வரும் மழையின் முதல் துளி அப்பிள்ளையின் முகத்தில்தான் விழும். தந்தையின் குரல் உச்சந்தலைக்கு மேலிருந்து வரும். ஏழெட்டு வயதில் ஒருநாள் அவன் பின்னிருக்கைக்கு மாற்றப்படுகிறான். அன்றுதான் அவனும் கிறிஸைப்போல் முதுகைப் பார்க்கத் தொடங்குகிறான். முன்னிருந்து பின்னுக்குப் போன அந்த நாளை எழுத வல்ல கதாசிரியன் பர்சிக்குக்குக் கிட்டாத ஒன்றை எழுதியவனாவான்.

கிறிஸ் 1979இல் சான் பிரான்சிஸ்கோவில் வழிப்பறிக்காரரால் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 23 வயது நிரம்பவில்லை. பின்னாளில் பர்சிக் நூலின் இறுதியில் சில பக்கங்கள் சேர்த்தார். மகன் எங்கே போனான் என்று அதில் கேட்கிறார். உடலைக் குறித்தோ சாம்பலைக் குறித்தோ அன்று, அவனைக் குறித்து. தத்துவம் பேசிய நானூறு பக்கங்களைவிட அந்தச் சில பக்கங்களில் தத்துவம் ஆழமாயிருப்பதாகவே எனக்குப்படுகிறது. பர்சிக் 2017இல் மறைந்தார். அவர்கள் இருவரும் சென்ற ஹோண்டா வண்டி இப்போது வாஷிங்டன் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தமிழில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், படுகை இலக்கியம் மாட்டுவண்டியை எழுதியிருக்கிறது; பரிசிலை எழுதியிருக்கிறது; இரயிலையும் பேருந்தையும் காரையும் எழுதியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக ஊரையே சுமந்துவரும் இருசக்கர வண்டிக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை. திரைப்படம் புல்லட்டைப் பண்ணையாருக்கும் காவல் அதிகாரிக்கும் கொடுத்தது. சிறு வண்டியை நகைச்சுவை நடிகருக்குக் கொடுத்தது. இதற்குள் கைப்பிடியும் கைமாறிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பணிபுரியும் பெண்களுக்கு மானிய விலையில் ஸ்கூட்டர் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2018இல் தொடங்கியது. இன்று மழைக்கோட்டு அணிந்து செவிலியராகவும் ஆசிரியையாகவும் அதே ஐந்து பாலங்களைக் கடப்பவர்களில் பெண்கள் பலர். பாலை நூல்கள் அனைத்தையும் ஆண்களே எழுதியதாக நான் கூற வரவில்லை. நான் எடுத்துக்கொண்ட மூன்றும் ஆண்கள் எழுதியவை. அவற்றில் வீட்டில் இருப்பவரின் குரல் கேட்பதே இல்லை.

குறுங்குடி மருதனாரின் பாட்டில் தலைவன் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பேசுபவள் தோழி, கேட்பவள் காத்திருப்பவள். தேரும் மழையும் வண்டும் அவர்கள் இருவரின் மனத்தில் ஓடுகின்றன. ஐப்பசி இரவில் மின்சாரம் போன தெருவில், வரும் வண்டி ஒவ்வொன்றின் ஓசையையும் கேட்டு, இது நம்முடையது அன்று, இதுவும் அன்று என்று வாசற்படியில் அமர்ந்து பிரித்தறிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகளுக்காகக் காத்திருக்கும் தாயாகவும், மனைவிக்காகக் காத்திருக்கும் கணவனாகவும் அவர்கள் இருக்கக்கூடும். சாலையில் இருப்பவரின் கைப்பேசி பாலித்தீன் உறைக்குள் சுற்றப்பட்டு இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. அது எடுப்பாரின்றி ஒலித்துக்கொண்டிருக்கும் அந்த அரைமணி நேரத்தை எழுதிய தமிழ்க் கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.